உள்ளூராட்சித் தேர்தல்: வட்டாரத்திலிருந்து முதல்வர் வரை

குடியுரிமைக் கல்வி – க.பொ.த. (சாதாரண தரம்)



பாடத்தைத் தொடங்குமுன் ஒரு கூற்றைத் தருகின்றோம். அது சரியா, பிழையா என உங்கள் பயிற்சிக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

“உள்ளூராட்சித் தேர்தலில் ஏனைய கட்சிகளைவிடக் கூடுதலான ஆசனங்களைப் பெறும் கட்சிக்கே முதல்வர் அல்லது தவிசாளர் பதவி உரியது.”

மாணவர்களிற் பலர் இதனைச் ‘சரி’ என்றே எழுதுவர். வளர்ந்தோரிலும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். ஆனால் இக்கூற்று பிழையானது. ஏன் பிழை என்பதை விளங்கிக் கொண்டால், இந்த அலகின் பெரும்பகுதியை நீங்கள் விளங்கிக் கொண்டவர் ஆவீர்கள்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
• உள்ளூராட்சி மன்றங்களின் வகைகளையும் பணிகளையும் குறிப்பிடுவீர்கள்.
• கலப்புத் தேர்தல் முறையில் ஆசனங்கள் பகிரப்படும் விதத்தைக் கணித்துக் காட்டுவீர்கள்.
• முதல்வர் அல்லது தவிசாளர் தெரிவு செய்யப்படும் விதத்தை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• உரிய காலத்தில் தேர்தல் நடைபெறுவதன் அவசியத்தை எடுத்துரைப்பீர்கள்.

1. உள்ளூராட்சி மன்றங்கள்

பள்ளிவாசல்துறையில் உங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் மின்விளக்கு எரியவில்லை. மழை பெய்தால் வடிகான் நிரம்பி நீர் தெருவில் நிற்கின்றது. சந்தைக்கு அருகிற் குப்பை குவிந்து கிடக்கின்றது. இவற்றை யாரிடம் முறையிடுவது? பாராளுமன்ற உறுப்பினரிடமா? மாகாண சபையிடமா? இவை மூன்றும் உள்ளூராட்சி மன்றத்தின் பணிகள். பள்ளிவாசல்துறை கற்பிட்டிப் பிரதேச சபையின் அதிகார எல்லைக்குள் அடங்குவதால், நீங்கள் நாட வேண்டிய இடம் அந்தச் சபையாகும்.

இலங்கையில் மூவகை உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன.

(அ) மாநகர சபை – தலைவர் ‘முதல்வர்’ எனப்படுவார். உதாரணம்: கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம்.
(ஆ) நகர சபை – தலைவர் ‘தவிசாளர்’ எனப்படுவார். உதாரணம்: சிலாபம்.
(இ) பிரதேச சபை – தலைவர் ‘தவிசாளர்’ எனப்படுவார். உதாரணம்: கற்பிட்டி.

புத்தளம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் நகர சபையாக இருந்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலை மாநகர சபையாகச் சந்தித்தது. பழைய வழிகாட்டி நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதனைக் கவனத்திற் கொள்க.

இம்மன்றங்களின் பணிகளை மூன்று தலைப்புகளில் நினைவில் வைத்திருங்கள்: பொதுச் சுகாதாரம், பொதுப் பாதைகள், பொது வசதிச் சேவைகள். குப்பை அகற்றல், வடிகான், சந்தை, பொது நூலகம், சிறுவர் பூங்கா, மயானம், தெரு விளக்கு, கட்டட அனுமதி ஆகியன இவற்றுள் அடங்கும். ஏ, பீ வகைப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை.

சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, அரசாங்க மானியம் போன்றவற்றால் இம்மன்றங்கள் வருமானம் பெறுகின்றன. எனவே சபை செலவிடும் பணத்தில் உங்கள் பெற்றோரின் பணமும் உண்டு.

2. சுருக்கமான வரலாறு

• 1865 – மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் ஏற்படுத்தப்பட்டன. வாக்குரிமை சொத்துடைய சிலருக்கே இருந்தது.
• 1931 – டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையிற் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது.
• 1937 – வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பு மாநகரின் முதலாவது முதல்வரானார்.
• 1946 – உள்ளூர் அதிகார சபைகள் தேர்தற் கட்டளைச் சட்டம் (இல. 53).
• 1987 – பிரதேச சபைகள் சட்டம் (இல. 15).
• 2012, 2016, 2017 – தேர்தற் சட்டத் திருத்தங்கள். இவற்றின் மூலம் கலப்பு முறையும் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடும் ஏற்பட்டன.
• 2018 பெப்ரவரி 10 – கலப்பு முறையில் முதலாவது பொதுத் தேர்தல்.
• 2025 மே 6 – அம்முறையில் இரண்டாவது பொதுத் தேர்தல்.

3. யார் வாக்களிக்கலாம்?

இலங்கைப் பிரசையாகவும் 18 வயது நிரம்பியவராகவும் இருத்தல் வேண்டும். அத்துடன் அந்த மன்றத்தின் எல்லைக்குட்பட்ட வாக்காளர் இடாப்பிற் பெயர் பதியப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் பலர் மறந்து விடுகின்றனர். நமது மாவட்டத்திற்கு அது மிக முக்கியமானது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். அவர்களுட் பலரின் பெயர்கள் நீண்ட காலமாக மன்னார் போன்ற சொந்த மாவட்டங்களின் இடாப்பிலேயே இருந்தன. ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே பதிவு செய்யலாம். மன்னாரிற் பதிந்தவர் கற்பிட்டிப் பிரதேச சபைக்கு வாக்களிக்க முடியாது. அவர் தினமும் நடக்கும் ஒழுங்கை கற்பிட்டியில் இருந்தாலும் முடியாது. இங்கே பதிந்தால் சொந்த ஊரின் சபைக்கு வாக்களிக்கும் உரிமை இல்லாமற் போகும். இரண்டிலும் ஓர் இழப்பு உண்டு. வாக்காளர் இடாப்பு வெறும் பெயர்ப்பட்டியல் அன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. கலப்புத் தேர்தல் முறை

2011 வரை விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் இருந்தன. வெற்றி பெற்ற உறுப்பினர் எந்தக் கிராமத்துக்குப் பொறுப்பானவர் என்று மக்களால் கூற முடியவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு இப்போது இரு வழிகளில் உறுப்பினர்கள் தெரிவாகின்றனர்.

(அ) 60 சதவீதத்தினர் – வட்டார முறை. வட்டாரத்தில் அதிக வாக்குகளைப் பெறும் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் வேட்பாளர் வெற்றி பெறுவார்.
(ஆ) 40 சதவீதத்தினர் – விகிதாசார முறை. கட்சி மன்றம் முழுவதிலும் பெற்ற வாக்குகளுக்கேற்ப, அதன் பட்டியலிலிருந்து தெரிவாவர்.

வாக்காளர் அளிப்பது ஒரேயொரு வாக்கே. கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு நேரே ஒரு புள்ளடி இட வேண்டும். விருப்பு வாக்குக் கிடையாது. அந்த ஒரு வாக்கே முதலில் வட்டார வேட்பாளருக்கும், பின்னர் மன்ற மட்டத்திற் கட்சிக்கும் கணக்கிடப்படும். எனவே தோல்வியுற்ற வேட்பாளருக்கு அளித்த வாக்கு வீணாவதில்லை.

5. கணித்துப் பார்ப்போம்

கற்பனையான ஒரு சபையில் 20 உறுப்பினர்கள்: வட்டாரங்கள் 12, பட்டியல் 8. அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகள் 20,000.

படி 1: ஓர் ஆசனத்துக்குரிய வாக்குகள் = 20,000 ÷ 20 = 1,000.
படி 2: ஒவ்வொரு கட்சியின் வாக்குகளையும் 1,000 ஆல் வகுக்க. கிடைப்பது உரித்தான ஆசனங்கள்.
படி 3: அதிலிருந்து வென்ற வட்டாரங்களைக் கழிக்க. மீதி பட்டியலிலிருந்து வழங்கப்படும்.

கட்சி ‘அ’: 9,000 வாக்குகள் – உரித்து 9 – வட்டாரம் 8 – பட்டியல் 1 – மொத்தம் 9
கட்சி ‘ஆ’: 7,000 வாக்குகள் – உரித்து 7 – வட்டாரம் 3 – பட்டியல் 4 – மொத்தம் 7
கட்சி ‘இ’: 4,000 வாக்குகள் – உரித்து 4 – வட்டாரம் 1 – பட்டியல் 3 – மொத்தம் 4

வட்டாரங்களை மட்டும் பார்த்தால் ‘அ’ 12இல் 8ஐ வென்று சபையையே கைப்பற்றியது போலத் தோன்றும். ஆனால் 20இல் 9 மட்டுமே அதற்குரியது. ‘ஆ’வும் ‘இ’யும் சேர்ந்தால் 11. ‘அ’ முதலிடம் பெற்றது, பெரும்பான்மை பெறவில்லை. இவ்வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நாடி.

மேலதிக ஆசனம்: அதே 9,000 வாக்குகளுடன் ‘அ’ 10 வட்டாரங்களையும், ‘ஆ’வும் ‘இ’யும் ஒவ்வொரு வட்டாரத்தையும் வென்றதாகக் கொள்வோம். ‘அ’வின் உரித்து 9தான், ஆயினும் மக்கள் தெரிவு செய்த வட்டார உறுப்பினரை நீக்க முடியாது. ஆகவே ‘அ’ 10 ஆசனங்களை வைத்துக்கொள்ளும். பட்டியலில் எதுவும் கிடையாது. ‘ஆ’வுக்கு 7, ‘இ’க்கு 4. மொத்தம் 21. சபையின் உறுப்பினர் தொகை ஒன்றினால் கூடுகின்றது. இப்போதும் 21இல் 10 அரைவாசிக்குக் குறைவே.

6. பெண் பிரதிநிதித்துவம்

2018க்கு முன்னர் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண் உறுப்பினர்கள் 2 சதவீதமளவிலேயே இருந்தனர். இப்போது மன்ற உறுப்பினர்களில் 25 சதவீதத்தினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். வட்டார வேட்பாளர்களிற் குறைந்தது 10 சதவீதமும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமும் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். இவ்விரு எண்களையும் மாற்றி எழுதி மாணவர்கள் புள்ளி இழப்பதுண்டு.

7. முதல்வர், தவிசாளர் தெரிவு

வாக்காளர் முதல்வரையோ தவிசாளரையோ நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. இரு நிலைமைகள் உள்ளன.

நிலைமை 1: ஒரு கட்சி அல்லது சுயேச்சைக் குழு சபையின் மொத்த உறுப்பினரில் அரைவாசிக்கு மேற்பட்டோரைப் பெற்றிருந்தால், அக்கட்சியின் செயலாளர் அல்லது குழுத் தலைவர் முதல்வரையும் பிரதி முதல்வரையும் பெயர் குறிப்பிடுவார்.

நிலைமை 2: எவருக்கும் பெரும்பான்மை இல்லையெனில், உள்ளூராட்சி ஆணையாளர் முதற் கூட்டத்தைக் கூட்டுவார். அங்கு உறுப்பினர்கள் வாக்களித்து முதல்வரைத் தெரிவு செய்வர். வாக்குகள் சமமானால் திருவுளச்சீட்டு மூலம் முடிவு செய்யப்படும்.

பிரதேச சபைக்கும் நகர சபைக்கும் இதே விதிதான். ஆயினும் ஒரே மன்றத்தில் இரண்டு நிலைமைகளும் அடுத்தடுத்து ஏற்பட்ட தெளிவான உதாரணம் நாட்டின் மிகப் பெரிய நகரமாகிய கொழும்பிற் கிடைக்கின்றது.

கொழும்பு 2018: மொத்த உறுப்பினர் 119. ஐக்கிய தேசியக் கட்சி 60 ஆசனங்களைப் பெற்றது. 119இன் அரைவாசி 59.5, எனவே 60 பெரும்பான்மை ஆகும். அக்கட்சியின் ரோசி சேனாநாயக்க முதல்வரானார். கொழும்பின் முதலாவது பெண் முதல்வர் அவரே.

கொழும்பு 2025: மொத்த உறுப்பினர் 117. தேசிய மக்கள் சக்தி 48, ஐக்கிய மக்கள் சக்தி 29, ஐக்கிய தேசியக் கட்சி 13. ஏனைய ஆசனங்கள் பிற கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் கிடைத்தன. பெரும்பான்மைக்கு 59 தேவை. தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றாலும் 11 உறுப்பினர் குறைவாக இருந்தனர். எதிர்த் தரப்பினர் அனைவரும் ஒன்று சேர்ந்திருந்தால் 69 பேர்!

2025 ஜூன் 16ஆம் திகதி சபை கூடியது. இருவரின் பெயர்கள் முன்மொழியப்பட்டன. தேசிய மக்கள் சக்தியின் வ்ராய் கெலி பல்தசார் 61 வாக்குகளும், ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக் 54 வாக்குகளும் பெற்றனர். 2 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. பல்தசார் முதல்வரானார்.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். 48 பேரும் தமது வேட்பாளருக்கே வாக்களித்தனர் என்று கொண்டால், 61 – 48 = 13. பிற அணிகளைச் சேர்ந்த 13 பேர் அவருக்கு வாக்களித்துள்ளனர். அவர்கள் யாவர்? வாக்கெடுப்பு இரகசியமாக நடைபெற்றதால் அதனை உறுதியாகக் கூற முடியாது. எதிர்க்கட்சியினர் பகிரங்க வாக்கெடுப்பையே கோரியிருந்தனர்.

இதனால் ஒரு சிந்தனை வினா எழுகின்றது. பொதுமக்களின் வாக்கு இரகசியமாக இருத்தல் வேண்டும்; அதுவே அச்சமின்றி வாக்களிக்க உதவும். ஆனால் மக்களின் பிரதிநிதி சபையில் அளிக்கும் வாக்கும் இரகசியமாக இருக்கலாமா? பணமோ அச்சுறுத்தலோ பாதிக்காமல் இருக்க இரகசியம் வேண்டும் என்பது ஒரு வாதம். என் வட்டார உறுப்பினர் யாருக்கு ஆதரவளித்தார் என்பதை அறிய எனக்கு உரிமையுண்டு என்பது மறு வாதம். பரீட்சையில் இத்தகைய வினா வந்தால் இரு பக்கத்தையும் எழுதிய பின்னரே உங்கள் முடிவைக் கூறுக.

8. பிற நாட்டு மாநகரங்கள்

தென் கொரியாவின் சியோல் நகரில் 25 மாவட்டங்கள் உள்ளன. 1995 முதல் ஒவ்வொரு மாவட்டத் தலைவரையும் அம்மாவட்ட மக்களே நேரடியாகத் தெரிவு செய்கின்றனர். யப்பானின் தோக்கியோவில் 23 விசேட வட்டாரங்களுக்கும் அவ்வாறே நேரடியாகத் தெரிவாகும் தலைவர்கள் உள்ளனர். இலண்டனில் 2000ஆம் ஆண்டு முதல் மாநகர முதல்வரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கின்றனர்.

சென்னை இருமுறைகளையும் கண்டது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரடியாக மேயரைத் தெரிவு செய்தனர். 2022இல் 200 வட்டங்களின் உறுப்பினர்கள் தெரிவாகிய பின், அவர்கள் கூடி ஆர். பிரியாவை மேயராகத் தெரிவு செய்தனர்.

நேரடித் தெரிவில் தலைவர் மக்களுக்கு நேரே பதில் கூறுவார். ஆனால் சபையில் அவருக்குப் பெரும்பான்மை இல்லாமற் போகலாம். சபை மூலமான தெரிவில் தலைவருக்கு ஆரம்பத்திலேயே சபையின் ஆதரவு உண்டு. ஆனால் வாக்காளர் எதிர்பாராத கூட்டுகள் ஏற்படலாம்.

9. தேர்தல் இல்லாத காலம்

உள்ளூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். 2018இல் தெரிவான மன்றங்களின் காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச் 19இல் முடிவடைந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தல், நிதி வழங்கப்படாத காரணத்தால் நடைபெறவில்லை. பின்னர் குறிக்கப்பட்ட ஏப்ரல் 25லும் நடைபெறவில்லை.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி, தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறுவதாகும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடைபெற்றது. ஜூன் 2இல் புதிய மன்றங்களின் காலம் தொடங்கியது.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மாநகர சபைகளை ஆணையாளர்களும் ஏனைய சபைகளைச் செயலாளர்களும் நிர்வகித்தனர். அலுவலகங்கள் திறந்திருந்தன, வரியும் அறவிடப்பட்டது. அப்படியாயின் இழந்தது என்ன? ஒழுங்கையின் விளக்கு எரியாதபோது வீடு தேடிச் சென்று “ஏன் எரியவில்லை?” என்று கேட்பதற்கு உங்கள் வாக்கைப் பெற்ற ஒருவர் இருக்கவில்லை. அதிகாரி மேலதிகாரிக்குப் பதில் கூறுவார். உறுப்பினர் அடுத்த தேர்தலில் வாக்காளருக்குப் பதில் கூற வேண்டும். சனநாயகத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இன்று உங்களுக்கு 15 அல்லது 16 வயது. அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் உங்களிற் பலர் வாக்காளராக இருப்பீர்கள். 18 வயதை அடையும்போது உங்கள் பெயர் இடாப்பிற் சேர்க்கப்பட்டுள்ளதா எனக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள். வீட்டில் உள்ளோரின் பெயர்கள் எங்குள்ளன என்பதை இன்றே விசாரியுங்கள்.

நினைவிற் கொள்க
• வட்டாரம் 60%, பட்டியல் 40%.
• ஒரு வாக்காளர், ஒரு வாக்கு, ஒரு புள்ளடி.
• முதலிடம் வேறு, பெரும்பான்மை வேறு.
• பெரும்பான்மை இருந்தால் பெயர் குறிப்பிடல்; இல்லையேல் சபையில் வாக்கெடுப்பு.

பயிற்சி வினாக்கள்

1. பிரதேச சபையின் தலைவர் எவ்வாறு அழைக்கப்படுவார்?
2. 25 உறுப்பினர் கொண்ட சபையில் 25,000 செல்லுபடியான வாக்குகள் அளிக்கப்பட்டன. 8,000 வாக்குகளையும் 5 வட்டாரங்களையும் பெற்ற கட்சிக்குப் பட்டியலிலிருந்து எத்தனை ஆசனங்கள் கிடைக்கும்?
3. கொழும்பு மாநகர சபையின் உறுப்பினர் தொகை 2018இல் 119 ஆகவும் 2025இல் 117 ஆகவும் இருந்தமைக்குக் காரணம் யாது?
4. 2025இல் கொழும்பு முதல்வரைக் கட்சிச் செயலாளர் பெயர் குறிப்பிட முடியாமற் போனது ஏன்?
5. “உள்ளூராட்சித் தேர்தலை ஒத்திவைப்பதால் சாதாரண மக்களுக்குப் பாதிப்பு இல்லை.” இக்கூற்றை ஏற்கிறீர்களா? மூன்று காரணங்கள் தருக.

விடைக் குறிப்புகள்

1. தவிசாளர்.
2. 25,000 ÷ 25 = 1,000; 8,000 ÷ 1,000 = 8; 8 – 5 = 3 ஆசனங்கள்.
3. உரித்துக்கு மேலாக வட்டாரங்களை வென்றதால் ஏற்படும் மேலதிக ஆசனங்கள். அவை தேர்தலுக்குத் தேர்தல் வேறுபடும்.
4. 117இல் 48 ஆசனங்களே கிடைத்தன. பெரும்பான்மைக்கு 59 தேவை.
5. ஏற்க முடியாது என எழுதுவோர் பின்வருவனவற்றை விளக்கலாம்: வாக்குரிமை மறுக்கப்படல், வரிப்பணச் செலவு குறித்துக் கேள்வி கேட்கப் பிரதிநிதி இல்லாமை, பெண்களும் சிறுபான்மையினரும் பெற்ற பிரதிநிதித்துவம் இல்லாமற் போதல். காரணத்தை மட்டும் எழுதாது, உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணத்தையும் சேர்த்து எழுதினால் விடை முழுமை பெறும்.

முதலில் எழுதி வைத்த ‘சரி, பிழை’ விடையை இப்போது திருப்பிப் பாருங்கள். பிழையாக எழுதியிருந்தால் வெட்டித் திருத்துங்கள். காரணத்தையும் அருகில் ஒரு வரியில் எழுதுங்கள்.